பதினான்காம் கிணறு

செப்டம்பர் 8, திங்கள்

நிரந்தர நியமனக் கடிதம் இன்று கைக்கு வந்தது. மூன்று வருடத் தகுதிகாண் காலம் முடிந்தது. அம்மாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். "அப்ப இனி ஒருத்தரும் உன்னை அந்தக் கதிரையில இருந்து எழுப்பேலாது" என்றாள். திருகோணமலையில் அவள் விட்ட மூச்சு கொழும்பு வெள்ளவத்தையில் எனக்குக் கேட்டது.

நளீம் சேர் மீன் அடைத்த மாலுபாண் வாங்கி வந்தார். அமைச்சின் தமிழ்ப் பிரிவில் நாங்கள் இருவர்தான். அவர் மூத்த மொழிபெயர்ப்பாளர், மாவனல்லைக்காரர், ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம். "மகள், இனி நீங்களும் என்னப் போலதான். பென்சன் வாற நாளைக்கு மட்டும் தலைய நிமித்தினாப் போதும்" என்றார்.

இந்தக் கொப்பியை அந்தச் சந்தோஷத்தில் வாங்கினேன். பழைய கொப்பிகளில் படித்த புத்தகங்களைப் பற்றித்தான் எழுதினேன். இதில் நாட்களைப் பற்றி எழுதுகிறேன். அலுவலக விஷயம் எழுதக் கூடாது. அதற்குக் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 10, புதன்

என்ன வேலை என்பதை எழுதுவதில் தவறில்லை என்று நினைக்கிறேன். அது அரசாங்க வர்த்தமானியில் அச்சாகி இருப்பதுதான்.

எங்கள் அமைச்சருக்கு நாட்டின் உள்ளகப் பாதுகாப்புப் பொறுப்பு. நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் ஒருவரைத் தொண்ணூறு நாள் தடுத்து வைக்க அவருடைய ஒரு கையெழுத்துப் போதும். தொண்ணூறு முடிந்தால் இன்னொரு கையெழுத்து, இன்னொரு தொண்ணூறு. அந்தக் கோப்புகள் நீல அட்டையில் வரும். பொலிஸார் எடுத்த தமிழ்க் காகிதங்களை நாங்கள் சிங்களத்தில் தருவோம். அவை ஒரு பக்கக் குறிப்பாகச் சுருங்கி ஐந்தாம் மாடிக்கு ஏறும். அமைச்சர் ஒரு பக்கத்துக்கு மேல் வாசிப்பதில்லை என்பது அவருடைய செயலகம் வைத்திருக்கும் விதி. அவர் வைத்ததா என்று தெரியாது.

இன்னொரு வகை, பழுப்பு உறைகள். வீடுகளிலிருந்து அமைச்சருக்கு எழுதும் மனுக்கள். அவற்றுக்கு இரண்டு வரியில் சுருக்கம் எழுதிக் கீழ்த்தளத்துப் பொதுமக்கள் பிரிவுக்கு அனுப்புவோம். பதிலும் நாங்களே அடிப்போம். "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. உரிய கவனம் செலுத்தப்படும்."

நீலம் மேலே, பழுப்புக் கீழே. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும் ஒரே இடம் மூன்றாம் மாடியில் எங்கள் மேசை.

செப்டம்பர் 12, வெள்ளி

மழை. குடை 100ஆம் இலக்க பஸ்ஸோடு போய்விட்டது.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஒன்பது மனுக்கள். ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன், நடை பிடித்திருந்தது என்பதற்காக மட்டும். பெயர் எழுத மாட்டேன். தடுப்பில் இருப்பவரைக் க. என்று வைத்துக்கொள்கிறேன். எழுதியவர் அவருடைய அக்கா, வடக்கிலிருந்து.

"கௌரவ அமைச்சர் அவர்களுக்கு. என் தம்பி பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளர். எங்கள் ஊரில் ஆறு பேருக்குச் சிறுநீரகம் பழுதானதால் கிணறுகளின் தண்ணீரை அளந்து கொப்பியில் எழுதி வந்தார். சனம் அள்ளத் தொடங்க முதல் அளந்தால்தான் மட்டம் சரியாகத் தெரியும், ஆகவே விடியவே போவார். அந்தக் கொப்பியைப் பொலிஸார் எடுத்துப் போனார்கள். அதற்கு முந்திய கொப்பி வீட்டில் இருக்கிறது. அதன் முதற்பக்கப் பிரதியை இணைக்கிறேன். இராணுவ முகாம் வேலிக்குப் பக்கத்தில் உனக்கு என்ன வேலை என்று கேட்டார்களாம். வேலிக்குப் பக்கத்தில் இருப்பது எங்கள் வீடு. பதினான்காம் கிணறு எங்களுடையது."

சுருக்கம் எழுதினேன். பதிலை அடித்தேன். வழமையான மனு.

மதியம் சாப்பிடவில்லை. பசிக்கவில்லை.

செப்டம்பர் 17, புதன்

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரி பராசக்தி அன்ரி யாழ்ப்பாணத்தவர். இரண்டு வேளைச் சாப்பாடு அவர் கையால். "என்ன பிள்ளை, புட்டைக் கிண்டிக் கிண்டி வைக்கிறீர்? உப்புக் கூடவோ?" என்று கேட்டார். உப்பு என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். பாவம், அவர் புட்டில் பிழை என்று நினைத்துக்கொண்டார்.

பதினான்கு என்ற எண்ணை முன்பு பார்த்திருக்கிறேன் என்று நேற்றே எழுதியிருக்க வேண்டும். எங்கே பார்த்தேன் என்பதும் நேற்றே தெரியும்.

செப்டம்பர் 18, வியாழன்

ஏப்ரல் 9. என் கணினியில் இருக்கிறது. க.வின் கொப்பியில் 22 முதல் 25 வரை நான்கு பக்கங்கள். பொலிஸார் மஞ்சள் சீட்டு ஒட்டித் தரும் பக்கங்களை மட்டும் மொழிபெயர்ப்பதுதான் எங்கள் முறை. மிச்சத்தைக் கேட்டதில்லை. கேட்கலாம் என்றும் தோன்றியதில்லை.

நான்கு பக்கமும் அட்டவணை. 14, முகாம் வேலி 60 மீட்டர், காலை 6.10, 22 அடி, 2340, 3. இப்படி முப்பத்தொரு வரிகள். எந்த நிரல் எதைச் சொல்கிறது என்று இல்லை. தலைப்புகளைக் க. முதற்பக்கத்தில் மட்டும் எழுதியிருக்கிறார், கணக்குப் பாடம் படித்தவர்கள் எல்லாரும் செய்வதுபோல. முதற்பக்கத்தில் மஞ்சள் சீட்டு இல்லை.

நான் கவனித்துத்தான் இருக்கிறேன். என் மொழிபெயர்ப்பின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது: "நிரல்களுக்கான தலைப்புகள் இப்பக்கங்களில் இல்லை." ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் மேலே போன குறிப்பில் அந்த வரி இல்லை. அந்தக் குறிப்பில் தலைப்புகளை வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள். இலக்கு. தூரம். காவல் மாறும் நேரம். கடைசி நிரலுக்கு, ஆட்களின் எண்ணிக்கை.

அக்கா அனுப்பிய பிரதியில் க.வின் கையெழுத்தில் தலைப்புகள் இருக்கின்றன. கிணற்று எண். இடம். அளந்த நேரம். தண்ணீருக்கு ஆழம். உப்பு. குடிக்கும் குடும்பங்கள்.

அடிக்குறிப்பு எழுதினேன் என்பது இப்போது எனக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. எழுதியவள் எழுந்து போய் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 22, திங்கள்

நளீம் சேரிடம் சொன்னேன். அவர் முதலில் கதவைச் சாத்தினார். பிறகு இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"கெணறு" என்றார்.

"ஓம் சேர்."

"மகள், பழுப்புக் கவர் கீழ போகும், நீலப் பைல் மேல போகும். நடுவுல நின்டு மாத்திப் போட்டா லிஃப்ட்டே நின்டுடும். அப்ப அதுக்குள்ள ஈக்கிறது நீங்க."

"ஜூலையில இவருக்கு நீடிப்பு வந்தபோதும் நான்தான் சேர் மொழிபெயர்ப்புச் சரி எண்ட சான்றிதழில கையெழுத்து வைச்சனான்."

"அண்டைக்கு ஒம்பது சர்ட்டிபிகேட். பசியில வெச்சது. ஒங்களுக்கு மட்டுமா, எனக்கும்தான். யாரு வாசிக்கிற?"

ஆறுதலுக்காகச் சொன்னார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

இரண்டாவது தொண்ணூறு அக்டோபர் 2, வியாழக்கிழமையுடன் முடிகிறது. அதற்கு முந்திய செவ்வாய் அமைச்சர் கோப்புகளில் கையெழுத்திடும் நாள்.

செப்டம்பர் 24, புதன்

இதை எழுத நினைக்கவில்லை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பா பதினொரு மாதம் வீட்டில் இல்லை. அம்மா மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். என் எழுத்து வடிவானது என்று உறைமேல் முகவரி எழுதுவது என் வேலை. கௌரவ அமைச்சர் அவர்கள், கொழும்பு. பதினொரு உறைகள். பதில் வரும்போது நாங்கள் இருவரும் சேர்ந்து பிரிப்போம். எப்போதும் இரண்டு வாக்கியம்தான். நான் அவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்து, எங்கேயாவது ஒரு சொல் மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

இந்த வேலையில் சேர்ந்த முதல் நாள் அந்த இரண்டு வாக்கியங்களும் கணினியில் இருந்தன. மாறவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

க.வின் நீலக் கோப்பு இன்று வந்தது. மூன்றாவது நீடிப்புக்கு. பழைய மொழிபெயர்ப்பே போகும். புதிய சான்றிதழ் மட்டும் வேண்டும். படிவம் சிங்களத்தில் அச்சிட்டது. தமிழில் சொன்னால் இப்படி: "இது மூலத்தின் முழுமையான, சரியான மொழிபெயர்ப்பு என உறுதிப்படுத்துகிறேன்." கீழே பெயர், திகதி.

மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. புத்தகத்தை ஒரே பக்கத்தில் திறந்தபடி பம்பலப்பிட்டி தாண்டினேன். நாவல்களில் ஒரு மனிதர் மேசைமுன் பேனாவோடு இருந்தால் ஆசிரியர் அவருக்குப் பத்துப் பக்கம் யோசிக்கக் கொடுப்பார். இங்கே படிவத்தில் ஒன்றரை அங்குலம்.

செப்டம்பர் 26, வெள்ளி

"முழுமையான" என்ற சொல்லைப் பேனாவால் ஒரு கோடு போட்டு வெட்டினேன். ஓரத்தில் சுருக்கொப்பம். கீழே முழுக் கையெழுத்து. கோப்பு பத்தரைக்கு மேலே போனது.

பிறகு மூன்று வர்த்தமானி அறிவித்தல்கள் செய்தேன். நன்றாகவே செய்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

உடுப்புத் தோய்த்தேன். தோய்த்ததையே மறுபடி தோய்த்தேன் என்று அன்ரி சொல்கிறார்.

செப்டம்பர் 29, திங்கள்

அமைச்சரின் பிரத்தியேகச் செயலாளர் குலதுங்க என்னைக் கூப்பிட்டார். மரியாதையான மனிதர், சத்தம் போட மாட்டார். படிவத்தில் தவறுதலாகக் கோடு விழுந்திருக்கிறது, புதிதாக ஒன்று தாருங்கள் என்றார். தவறுதல் இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்களுக்கு நிரந்தரமாகி எவ்வளவு காலம், மிஸ்?"

"மூன்று கிழமை, சேர்."

"அப்படியா" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் அம்மாவின் கதிரை ஒருமுறை ஆடியது.

பிறகு நளீம் சேரைக் கூப்பிட்டார். மூத்தவர் கையெழுத்து வைத்தாலும் செல்லும். பதினைந்து நிமிடத்தில் நளீம் சேர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"வெச்சீங்களா சேர்?"

"எப்பிடி வெக்கிற? கண்ணாடி ரிப்பேருக்குக் குடுத்தீக்கி. வாசிக்காம வெக்கேலாதே."

கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. ஒரு காம்பு வெளியே தெரிந்தது. "மேல நிண்டபோதும் இப்பிடித்தான் தெரிஞ்சதா?" என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, "அதான் அந்த மனிசன் சிரிச்ச" என்றார். பின்னேரம் ஐந்து மணிவரை அவர் கண்ணாடி போடவில்லை. காகிதத்தை முகத்திலிருந்து எட்டப் பிடித்தபடியே வேலை செய்தார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

பதினொன்றரைக்கு ஐந்தாம் மாடியிலிருந்து அழைப்பு. அக்காவின் மனுவும் பிரதியும் என் கைப்பையில் இருந்தன. எப்போது வைத்தேன் என்று எழுதப் போவதில்லை.

அமைச்சரை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. தொலைக்காட்சியில் தெரிவதைவிடச் சிறிய உருவம். மேசையில் இரண்டு தட்டங்கள். வலது பக்கம் கையெழுத்திட்டவை. இடது பக்கம் இப்போதைக்கு வேண்டாம் என்பவை. இடையில் ஒரு சுடுநீர்க் குடுவை. குலதுங்க அருகில் நின்றார். சிங்களத்தில் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"இந்தச் சொல்லை வெட்டியது நீங்களா?"

"ஓம் சேர்."

"ஏன்?"

"பொலிஸ் பட்டியலில் எண்பது பக்கக் கொப்பி என்று இருக்கிறது, நான்கு பக்கம்தான் தந்தார்கள் சேர். அது முழுமை இல்லை."

"மற்றக் கோப்புகளிலும் அப்படித்தானே தருகிறார்கள். அவற்றில் வெட்டவில்லையே."

"அவற்றிலும் வெட்டியிருக்க வேண்டும் சேர்."

குலதுங்க ஏதோ சொல்லத் தொடங்கினார். அமைச்சர் அவரைப் பார்க்காமலே கையை உயர்த்தினார். "சரி. மிச்சத்தில் என்ன இருக்கிறது?"

நான் பிரதியை வைத்தேன். அவர் தூக்கிப் பார்த்தார். "இது எங்கிருந்து?"

"உங்களுக்கு வந்த கடிதத்தில் இருந்தது சேர்."

"எனக்கா? நான் பார்க்கவில்லையே."

"பதில் போய்விட்டது சேர். உங்கள் பெயரில்."

"என்ன பதில்?"

"உரிய கவனம் செலுத்தப்படும் என்று."

குலதுங்க கம்பளத்தில் எதையோ தேடினார். அமைச்சர் பிரதியையும் ஒரு பக்கக் குறிப்பையும் அருகருகே வைத்து விரலால் நிரல் நிரலாக இறங்கினார். ஐந்தாவது நிரலில் விரல் நின்றது.

"இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. இது உப்பா?"

"ஓம் சேர்."

"இந்தத் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டால் பால் திரையும்." அவர் வறண்ட வலயத்துக்காரர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "என் அக்கா வீட்டில் மூன்று பேருக்குச் சிறுநீரகம் போனது. இதைக் குடிக்கிறவனுக்கு முகாமைத் தாக்க உடம்பில் தெம்பு இருக்காது, குலதுங்க."

"சேர், மனுவில் யாரும் எதையும் எழுதலாம். இது வேறு கொப்பி. பொலிஸார் வைத்திருப்பது இதுவல்ல."

அது நியாயமான பேச்சு. அமைச்சரும் தலையசைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "நான் விட்ட ஒருவன் நாளைக்கு ஒரு குண்டு வைத்தால் நாடு முழுக்க என்னைத்தான் கேட்கும். நான் பிடித்து வைத்த ஒருவனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்தக் கதிரை அப்படி."

"கேட்கிறார்கள் சேர். அது கீழ்த்தளத்துக்குப் போகிறது."

இதைச் சொன்னேனா, நினைத்தேனா என்று இப்போது நிச்சயமில்லை. குலதுங்க சட்டென்று திரும்பிப் பார்த்ததால் சொல்லித்தான் இருப்பேன்.

அமைச்சர் மூலக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். நாளை மூன்று மணிக்கு. பேனாவை மூடவில்லை. கோப்பு எந்தத் தட்டத்திலும் போகவில்லை, நடுவில் கிடந்தது.



அக்டோபர் 1, புதன்

மூன்று மணிக்குப் போனேன். கொப்பி ஒரு ஒளிபுகும் பையில் இருந்தது. எண்பது பக்கப் பள்ளிக்கூடக் கொப்பி. அட்டையில் பூச்சாடி படம். எல்லாரும் அதைப் பார்த்தபடி இருந்தோம். இவ்வளவு நாளும் நான்கு பக்கமாகத்தான் தெரிந்தது. ஒரு முழுக் கொப்பியாகப் பார்க்க அது மிகவும் சின்னது.

"முதற்பக்கத்தை வாசியுங்கள்" என்றார் அமைச்சர்.

வாசித்தேன். அதே தலைப்புகள், அதே ஒழுங்கில். அதன் கீழே மூன்று வரிகள்: "அளக்கும் நாடாவில் முதல் இரண்டு அங்குலம் இல்லை. எல்லா ஆழத்திலிருந்தும் இரண்டு அங்குலம் கழிக்க." அதையும் சிங்களத்தில் சொன்னேன். இப்படிப்பட்ட ஒருவரை நூற்றெழுபத்தொன்பது நாள்.

அமைச்சர் கோப்பைப் பின்னோக்கிப் புரட்டினார். ஜூலை. என் சான்றிதழ், கோடு போடாதது. அதற்கு மேல் அவர் உத்தரவு. இரண்டு கையெழுத்தையும் சற்று நேரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"சேர், நாளை வரைதான் நேரம்" என்றார் குலதுங்க.

அமைச்சர் பேனாவை மூடினார். கோப்பை எடுத்து இடது தட்டத்தில் வைத்தார். குடுவையிலிருந்து சுடுநீர் ஊற்றிக் குடித்தார். "நீங்கள் போகலாம், மிஸ் மயூரதி. இனி இப்படி ஒரு பழுப்புக் கடிதம் வந்தால் நீலக் கோப்புக்குள் வையுங்கள்."

இதில் ஒரு வரிகூட எங்கும் பதிவாகவில்லை. தவறு நடந்தது என்று கோப்பில் இல்லை. விடுவிக்கவும் என்று இல்லை. ஒரு பேனா மூடப்பட்டது, அவ்வளவுதான்.

அக்டோபர் 2, வியாழன்

ஒரு நாள் முழுக்க ஒன்றும் நடக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறீர்களா? யாரைக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் நளீம் சேர் என்னைப் பார்த்தார். மூன்று அழைப்புகள். இரண்டு தவறான இலக்கம். ஒன்று அவர் மனைவி, வெங்காயம் வாங்கச் சொல்லி.

நான்கே கால். கோப்பு இடது தட்டத்தில்தான் இருக்கிறது என்று ஐந்தாம் மாடிப் பியோன் சொன்னாராம்.

அக்டோபர் 3, வெள்ளி

இரண்டாவது தவணையின் தொண்ணூற்றோராவது நாள். வேறு குற்றச்சாட்டு எழுதி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம், புதிய உத்தரவு கேட்கலாம். சட்டம் எனக்குத் தெரிந்த அளவுக்கு எல்லாம் செய்யலாம்.

பதினொன்று ஐம்பதுக்கு நளீம் சேர் தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து மாட்டினார்.

"காலையில ஒம்பது மணிக்கு பெரிய கேட்டால வெளிய வந்திட்டாராம். அக்கா வந்து கூட்டிட்டுப் போனதாம்."

நான் "சரி சேர்" என்றேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தண்ணீர் ஓடும் சத்தம் போதுமாக இருந்தது. திரும்பி வந்தபோது என் மேசையில் ஒரு மாலுபாண். இரண்டாவதை அவர் வாயில் வைத்திருந்தார்.

வீட்டில் இரண்டு முறை புட்டு வாங்கிச் சாப்பிட்டேன். "அப்ப உப்புப் பிழையில்லை" என்றார் அன்ரி. நீண்ட நாள் மனத்தாங்கல் தீர்ந்த முகம். "பெடியன் ஆரும் பேசிச் சரிவந்திட்டுதோ?" என்றும் கேட்டார். இல்லை அன்ரி, அலுவலகத்தில் ஒரு வேலை முடிந்தது என்றேன். அவர் நம்பவில்லை. நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கோப்பை கழுவினேனாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

அப்பாவிடம் பேசினேன். வழமையாக அம்மாதான் எடுப்பாள். இன்று அவரைக் கூப்பிடச் சொன்னேன்.

"அப்பா, நீங்கள் அந்த வருசம் வீட்டை வந்தோடன முதல் என்ன செய்தனீங்கள்?"

எந்த வருடம் என்று அவர் கேட்கவில்லை. பதினெட்டு வருடத்தில் எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. கடற்காற்று தொலைபேசியில் கேட்டது.

"கிணத்தடிக்குப் போனன்" என்றார். "முகம் கழுவ. வாளி புதுசா இருந்தது. நீலக் கலர். ஆர் வாங்கினது, எப்ப வாங்கினது எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டன். கொம்மாட்டைக் கேக்கேல்லை."

பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "அது சின்னண்ணர் வாங்கித் தந்தது. கேட்டிருந்தால் அண்டைக்கே சொல்லியிருப்பன்."

அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் சிரித்தபடியே கொஞ்ச நேரம் வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 8, புதன்

ஏப்ரலிலிருந்து நான் கையெழுத்திட்ட சான்றிதழ்கள் முப்பத்தேழு. பட்டியல் எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் மூலத்தைக் கேட்டு ஒரு கடிதம் அடிக்கிறேன். நளீம் சேர் பார்த்துவிட்டுத் தன்னுடைய பட்டியலை எடுத்து வந்தார். அது என்னுடையதைவிட நீளம்.

ஐந்தாம் மாடியிலிருந்து சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. ஆனால் கோப்புக் கட்டும் நாடா புதிதாக ஒரு கட்டு வந்திருக்கிறது, பழையதைவிட ஒரு சாண் நீளம். "பைல் தடிக்கப் போகுதாம்" என்றார் நளீம் சேர். குலதுங்க படியில் எதிர்ப்பட்டார். "நலமா, மிஸ்?" என்று கேட்டார். கோபம் இருந்ததா என்று சொல்ல முடியாது. கதிரையில் இன்னும் இருக்கிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஒரு பழுப்பு உறை. அதே கையெழுத்து. கௌரவ அமைச்சர் அவர்களுக்கு.

"தம்பி வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார், மற்றப்படி சுகம். வந்த மறுநாளே விடிய ஆறு மணிக்கு நாடாவை எடுத்துக்கொண்டு பதினான்காம் கிணற்றடிக்குப் போனார். நான் பயந்து பின்னால் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் காவலில் நின்ற ஆமிப் பெடியன் பார்த்துக்கொண்டே நின்றான், ஒன்றும் சொல்லவில்லை. தம்பி புதுக் கொப்பி வாங்கியிருக்கிறார். அளக்காமல் விட்ட ஆறு மாதத்துக்கும் ஆறு வெற்று வரி விட்டுவிட்டு எழுதத் தொடங்கியிருக்கிறார். இந்த முறை ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு எழுதுகிறார். தயவுசெய்து பழைய கொப்பியைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அதில் நாலு வருசத் தண்ணீர் இருக்கிறது. இப்படிக்கு, திருச்செல்வம் கஜமுகனின் அக்கா, தேவமலர்."

பெயரை எழுதிவிட்டேன். இனி எழுதலாம்.

சுருக்கம் எழுதவில்லை. வணக்கம் முதல் திகதி வரை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் தந்தேன். அடிக்குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை. நீலக் கோப்பை வரவழைத்து, கடிதத்தை மேலே வைத்து, புதிய நாடாவால் கட்டினேன். அந்த இரண்டு வாக்கியப் பதிலை அடிக்கவில்லை. தேவமலருக்குச் சொல்வதற்கு அமைச்சர் ஏதாவது எழுதும்வரை காத்திருக்கப் போகிறேன்.

இந்த வகைக் கடிதத்துக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை. இருந்தாலும் ஒரு படிவம் எடுத்தேன். எல்லாச் சொல்லையும் அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தேன்.